15ஆம் எண்: கொடிவழி தேடத் தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

ஆடி அமாவாசையன்று திருவரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் தர்ப்பணம் கொடுக்க அமர்ந்தபோது, புரோகிதர் வழக்கம்போல் பெயர்களைக் கேட்டார். தந்தை, அவருடைய தந்தை, அவருக்கும் தந்தை. அந்த மூவரின் மனைவியர். பிறகு தாயின் தந்தை, அவருக்கு முந்தைய இருவர், அந்த மூவரின் மனைவியர் என்று மொத்தம் பன்னிரண்டு பெயர்கள். பெற்றோர் இருவரையும் இழந்தபின் வந்த முதல் ஆடி என்பதால், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றிருந்தேன். அந்தத் தாளில் பதின்மூன்றாவதாக ஒரு வரியும் இருந்தது. என் அம்மாச்சியைப் பெற்ற தாய்க்கான வரி அது. பெயர் தெரியாததால் ‘கீரனூர் ஆயா’ என்று மட்டும் எழுதியிருந்தேன். புரோகிதர் அதைப் படித்துவிட்டு, இந்த முறையில் அவருக்குத் தனி இடமில்லை என்றும், பெயரறியாத அனைவருக்குமாக இறுதியில் விடும் நீரில் அவரையும் நினைத்துக்கொள்ளலாம் என்றும் பரிவோடு சொன்னார். அன்று மாலை வீடு திரும்பியதும் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவருக்கும் பெயர் தெரியவில்லை. அந்த ஒரு பெயருக்காகத் தொடங்கிய தேடல் சில ஆண்டுகளாக என் விடுமுறை நாட்களை எடுத்துக்கொண்டு வருகிறது. இதே வேட்கை பற்றிக்கொண்டு, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கொடிவழி ஆய்வு என்பது, ஒருவரைப் பெற்றவர்கள் யார், அந்தப் பெற்றோரைப் பெற்றவர்கள் யார் என்பதைச் சான்றுகளைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கி நிறுவிச் செல்லும் முயற்சி. வம்சாவளி, குலமுறை, கால்வழி என்றும் இதைச் சொல்வதுண்டு. சொத்து வழக்குகளில் இன்றும் வம்சாவளிப் பட்டியல் கேட்கிறார்கள். பழங்காலத்தில் இது அரசர்களின் உரிமையாக இருந்தது. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் குலத்தைச் சூரியனிலிருந்தே தொடங்கிச் சொல்கிறது. அங்கே நோக்கம் அரசனின் பெருமை. அதனால் சூரியனுக்குச் சான்று கேட்பார் இல்லை. நம்மைப் போன்ற எளிய குடும்பத்தார் செய்யும் ஆய்வில், ஒவ்வொரு கணுவுக்கும் சான்று கேட்பதே வேலையின் உயிர்நாடி.

தேடலில் இரண்டு திசைகள் உண்டு. தன்னிலிருந்து தொடங்கி மேலே மேலே பெற்றோரைத் தேடிச் செல்வது ஒன்று. முன்னோர் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருக்குப் பிறந்த எல்லோரையும் கீழ்நோக்கிப் பட்டியலிட்டு வருவது மற்றொன்று. பங்காளிகள் ஒன்றுகூடும் குலதெய்வக் கோயில்களில் இரண்டாம் வகைப் பட்டியல்களே பெரும்பாலும் தயாராகின்றன. புதிதாகத் தொடங்குபவர் முதல் வகையையே மேற்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் அதில்தான் தாய்வழியும் தந்தைவழியும் சரிநிகராக வருகின்றன.

அதற்கு எளிய எண்முறை ஒன்று உள்ளது. ஐரோப்பாவில் 1590இல் ஐட்சிங்கர் என்பவர் கையாண்டு, 1676இல் சோசா என்ற ஸ்பானியத் துறவியும் 1898இல் ஸ்ட்ராடோனிட்ஸ் என்ற ஜெர்மானியரும் பரப்பிய முறை அது. நீங்கள் 1, உங்கள் தந்தை 2, தாய் 3. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தையின் எண் வரும். அதனுடன் ஒன்று கூட்டினால் தாயின் எண் வரும். ஆகவே தந்தையின் பெற்றோர் 4, 5; தாயின் பெற்றோர் 6, 7. பாட்டன் பாட்டிகளுக்குப் பெற்றோரான எட்டுப் பேர் 8 முதல் 15 வரை. உங்களைத் தவிர்த்து, இரட்டைப்படை எண்கள் எல்லாம் ஆண்கள், ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பெண்கள்.

இந்த எண்களை எழுதிப் பார்த்த பிறகுதான் படித்துறையில் நடந்தது எனக்குத் தெளிவாயிற்று. அந்த எட்டுப் பேரில் புரோகிதர் கேட்டவர்கள் 8, 9, 12, 13 ஆகிய நால்வர் மட்டுமே. அப்பத்தாவின் பெற்றோரான 10, 11, அம்மாச்சியின் பெற்றோரான 14, 15 ஆகிய நால்வரும் அவர் கேட்ட வரிசையில் எங்குமே இல்லை. பாட்டிமாரைப் பெற்றவர்கள் அத்தனை பேரும் விடுபட்டுப் போகிறார்கள். அவர்களுக்குப் பிறந்த மகள்கள் வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டதே காரணம். கீரனூர் ஆயா என் கணக்கில் 15ஆம் எண்.

இந்தத் தேடல் ஏன் ஆளை விடுவதில்லை என்பதற்கும் விடை இந்த எண்களிலேயே இருக்கிறது. வேறு எதைத் தேடினாலும் கிடைத்தவுடன் தேடல் முடிந்துவிடும். இங்கே ஒருவர் கிடைத்தால் அவரைப் பெற்ற இருவர் உடனே காணாமல் போனவர்கள் ஆகிறார்கள். பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள். ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டுகள் என்று கொண்டால் அது 250 அல்லது 300 ஆண்டுகளுக்கு முந்தைய காலம். முப்பதாம் தலைமுறைக்குப் போனால் 107 கோடிக்கும் அதிகமான இடங்கள் வருகின்றன. அக்காலத்தில் உலகம் முழுவதிலுமே அவ்வளவு மக்கள் வாழவில்லை. ஒரே மனிதர் பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்தால்தான் இந்தக் கணக்கு சரியாகும்.

நம் குடும்பங்களில் அந்தத் திரும்பிவரல் வெகு சீக்கிரத்தில் நிகழ்ந்துவிடுகிறது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் திருமணம் நடந்த வீட்டில் பிறந்த குழந்தைக்கு, தந்தையின் தாயும் தாயின் தந்தையும் உடன்பிறந்தவர்கள். மாமன் மகன் அத்தை மகளை மணந்த வீடானால் தந்தையின் தந்தையும் தாயின் தாயும் உடன்பிறந்தவர்கள். ஆகவே எட்டு இருக்க வேண்டிய வரிசையில் ஆறு பேர்தான் இருப்பார்கள். தாய்மாமன் தன் அக்காள் மகளை மணந்த வீட்டில் நிலைமை இன்னும் விந்தையானது. அங்கே தந்தைக்குத் தாயாக 5ஆம் எண்ணில் நிற்கும் பெண்ணே, தாயின் தாயைப் பெற்றவளாக 15ஆம் எண்ணிலும் நிற்பாள். ஒரே பெண் குழந்தைக்குப் பாட்டியாகவும் இருக்கிறாள், பாட்டியின் தாயாகவும் இருக்கிறாள். இரண்டு வகை வீடுகளிலும், பெற்றோர் முதல் மூன்று தலைமுறைகளைக் கூட்டினால் 14 பேருக்குப் பதிலாக 12 பேரே வருவார்கள். அயல்நாட்டு மென்பொருள்களில் நம் குடும்பத்தை வரையும்போது கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு ஓடுவதைக் கண்டு பலர் தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாகக் கலங்குகிறார்கள். தவறு ஒன்றுமில்லை. மேலே போகப் போகக் கிளைகள் விரியும் மரத்தை எதிர்பார்த்து அந்தப் படம் அமைக்கப்பட்டது; முறைப்பெண்ணையும் முறைமாமனையும் மணந்த குடும்பங்களின் கொடிகள் பின்னிக்கொண்டுதான் படரும்.

முதலில் யாரிடம் போவது

ஆவணங்களைத் தேடி அலுவலகம் செல்வதற்கு முன், உயிரோடிருக்கும் முதியவர்களிடம் செல்ல வேண்டும். காகிதம் அடுத்த ஆண்டும் இருக்கும். தொண்ணூறு வயதைக் கடந்த பெரியப்பா இருப்பார் என்பதற்கு எவரும் உறுதி தர முடியாது. அவர்கள் பேசுவதை அனுமதி பெற்று ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், நேரடிக் கேள்விக்கு வராத பெயர்கள் தாமாக வரும்.

‘உங்கள் பாட்டியின் தம்பி பெயர் என்ன’ என்று வினாத்தாள் போலக் கேட்டால் பெரும்பாலும் ‘ஞாபகமில்லையே தம்பி’ என்ற பதில்தான் கிடைக்கும். சடங்குகளைப் பற்றிக் கேளுங்கள். நம் சடங்குகள் ஒவ்வொன்றும் இன்ன உறவுக்கு இன்ன கடமை என்று பிரித்துக் கொடுத்திருக்கின்றன. காது குத்தும்போது யார் மடியில் உட்காரவைத்தார்கள் என்று கேட்டால் தாய்மாமன் கிடைப்பார். திருமணத்துக்கு யார் சீர் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால் தாயின் பிறந்த வீட்டுக் கிளை முழுவதும் வந்து நிற்கும். எல்லாவற்றிலும் பயன் மிகுந்த கேள்வி துக்க வீட்டைப் பற்றியது. ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரும். எந்த ஊரிலிருந்து, யார் அந்தக் கோடியைக் கொண்டுவந்தார்கள் என்பது அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பெண்களுக்கு நினைவிருக்கிறது. நான் பெரியம்மாவிடம் இதைக் கேட்டபோது, அவர் சற்றும் தயங்காமல், “எங்க ஆயா செத்தப்ப கீரனூர்லேருந்து ரெண்டு கூட்டு வண்டியில வந்தாங்க, மூத்த மாமன்தான் கோடி போட்டாரு” என்றார். பெயரைக் கேட்டு ஓராண்டாகக் கிடைக்காத ஒரு குடும்பம், அந்த ஒரு வாக்கியத்தில் கிடைத்துவிட்டது.

ஆண்டு கேட்டாலும் இதே சிக்கல் உண்டு. முதியவர்கள் ஆண்டை எண்ணால் நினைவில் வைப்பதில்லை, நிகழ்ச்சியால் வைக்கிறார்கள். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையின்மீது குண்டு வீசியது, 1918இன் விஷக்காய்ச்சல், 1942இல் பர்மாவிலிருந்து மக்கள் நடந்தே வந்து சேர்ந்தது, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது ஆகியவை நல்ல அளவுகோல்கள். ‘தனுஷ்கோடி புயலின்போது அக்கா கைக்குழந்தை’ என்ற ஒரு வரி பல சான்றிதழ்களைவிட நம்பத்தக்கது, ஏனெனில் பள்ளியில் சேர்ப்பதற்காக வயதை மாற்றிச் சொல்லும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது.

பெயர்கள்

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடுகிறது. மேலைநாட்டு நூல்கள் சொல்வதுபோல் ஒரு குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு நூறு ஆண்டுகள் பின்னால் செல்ல இங்கே வழியில்லை. அதற்கு ஈடாக நம்மிடம் வேறு ஒரு துப்பு இருக்கிறது. மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை இடுவது பல சமூகங்களில் பரவலான வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபுதான். எனவே முத்தையாவின் மகன் சுப்பையா, சுப்பையாவின் மகன் முத்தையா என்று பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பும். தாத்தாவின் பெயர் முத்தையா என்பதும் அவர் மூத்த மகன் என்பதும் தெரிந்தால், அவருடைய தாத்தாவும் முத்தையாவாக இருக்கலாம் என்று ஊகித்துத் தேடலைத் தொடங்கலாம். இதை ஊகமாகவே குறித்துவைக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இந்த வழக்கத்தின் மறுபக்கம், அண்ணன் தம்பி மூவரின் மூத்த மகன்களும் ஒரே ஊரில் ஒரே பெயரோடு இருப்பார்கள் என்பது. 1930களின் பத்திரம் ஒன்றில் வரும் முத்தையா அந்த மூவரில் எவர் என்று தெரியாமலேயே தம் பாட்டனாக எழுதிக்கொண்டவர்கள் பலர்.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை என்ற வழக்கத்தால் இன்னொரு குழப்பமும் நேர்ந்திருக்கிறது. மாமனாரின் பெயர் தன் மகனுக்கே இடப்பட்டபோது, தாய் அவனை வேறு பெயரிட்டு அழைத்தாள். அந்த அழைப்புப் பெயரே ஊரில் நிலைத்தது. பத்திரங்களில் ‘முத்தையா என்கிற துரை’ என்று வரும் ‘என்கிற’ என்ற சொல்லை எங்கே கண்டாலும் நின்று குறித்துக்கொள்ளுங்கள்.

பெண்களின் பெயர்கள் அழிந்த விதம் வேறு. வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணை அவளுடைய பிறந்த ஊரின் பெயராலேயே புகுந்த வீட்டார் அழைத்தார்கள். மேலூர்க்காரி, கீரனூர் ஆயா என்று இரண்டு தலைமுறைகள் அழைத்த பிறகு, அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்தது என்பதே மறந்துபோகிறது. ஆனாலும் பெயரை மறைத்த அதே வழக்கம் ஊரைக் காப்பாற்றித் தந்திருக்கிறது என்பதை நாம் நன்றியோடு பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஊர் தெரிந்துவிட்டதாலேயே வேலை முடிந்துவிடுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கீரனூர் உண்டு. பழனிக்கு அருகில் திண்டுக்கல் மாவட்டத்தில் இன்னொரு கீரனூர் உண்டு. கூட்டு வண்டியில் துக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதால், எங்கள் ஊருக்கு அண்மையிலிருந்த புதுக்கோட்டைக் கீரனூரை நான் முதலில் எடுத்துக்கொண்டேன்.

வீட்டிலும் வெளியிலும் உள்ள ஏடுகள்

அடுத்தது வீட்டுப் பரண். பழைய கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிக் கடிதங்கள், ஜாதகக் குறிப்பேடுகள், ரேஷன் கார்டுகள், பள்ளிச் சான்றுகள் எல்லாம் பயன்படும். மொய் நோட்டுக்கு நான் தனி மதிப்புக் கொடுக்கிறேன். யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு செய்தார்கள் என்று ஒரே இரவில் எழுதப்பட்ட அந்த ஏட்டில், அன்றைய உறவு வட்டம் முழுவதும் ஊர் பெயரோடு பதிந்திருக்கிறது. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் பிழையில்லாமல் எழுதியிருப்பார்கள். குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டும் இதற்கு இணையானது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு செல்வம் உண்டு: அந்தியேட்டி என்ற இறப்புச் சடங்கின்போது வெளியிடும் ‘கல்வெட்டு’ என்ற நினைவு மலர். இறந்தவரின் குலவரலாறு அதில் செய்யுளாகவே அமைந்திருக்கும். இத்தகைய மலர்கள் பலவற்றை நூலகம் நிறுவனம் எண்ணிம வடிவில் காத்துவருகிறது.

பத்திரங்களில் பாகப்பிரிவினைப் பத்திரம் முதன்மையானது. உடன்பிறந்த ஆண்கள், இறந்துபோன சகோதரரின் மைனர் மக்கள், அவர்களுக்குக் கார்டியனான தாய் என்று ஒரு கிளை முழுவதும் அதில் வரும். மகள்கள் வருவது அரிது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெண்களைத் தேட வேண்டிய இடம் தான செட்டில்மெண்ட் பத்திரங்களும் உயில்களும். மூலப்பத்திரம் கையில் இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டுப் பெறலாம். வில்லங்கச் சான்றைக் கொண்டு பத்திர எண்ணைக் கண்டுபிடிக்கலாம்.

பழைய ஏடுகளில் ஆண்டைப் படிக்கச் சிறிது பயிற்சி வேண்டும். பிரபவ முதல் அட்சய வரையுள்ள 60 ஆண்டுச் சுழற்சியில் ‘பார்த்திப வருடம்’ என்றால் அது 1885–86ஆக இருக்கலாம், 1945–46ஆகவும் இருக்கலாம்; எது என்பதைச் சூழலைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். வருவாய்த்துறை ஏடுகளின் பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டினால், அந்தப் பசலி தொடங்கும் ஜூலை மாதத்தின் ஆங்கில ஆண்டு வரும். நெல்லை, குமரிப் பகுதி ஆவணங்களில் வரும் கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்ட வேண்டும்.

பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் இருந்தது. எனினும் பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தைக்குப் பெயர் சூட்டும் முன்னரே பதிவு செய்துவிட்டதால், ‘ஆண் குழந்தை’ என்றும் தந்தையின் பெயரும் மட்டுமே இருக்கும். கிறித்தவக் குடும்பத்தார் பங்கு ஆலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளையும், முஸ்லிம் குடும்பத்தார் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டையும் நாடலாம். நகரத்தார் திருமணங்கள் அவர்களுடைய ஒன்பது நகரக் கோயில்களில் பதிவாவதால், திருமணமான ஒவ்வொரு இணையும் அங்கே ஒரு ‘புள்ளி’. யாழ்ப்பாணத்தில் 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுதிய தோம்புகள் என்ற பதிவேடுகள் நிலத்தோடு குடும்பங்களையும் பதிந்தன. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின் குடிமைப் பதிவேடுகள் உண்டு. 1881இன் ஆணைப்படி தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் புதிய குடும்பப் பெயர்களைச் சூடிக்கொண்டதால், அந்த ஆண்டைக் கடக்கும்போது பெயர் மாறும். இனாம் நிலம் பெற்ற குடும்பமாக இருந்தால், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் இனாம் பதிவேடுகளில் 19ஆம் நூற்றாண்டு முன்னோரைக் காண வாய்ப்புண்டு.

நிலமே இல்லாதிருந்த குடும்பங்களுக்கு இவற்றில் பாதி பயன்படாது. அவர்களுடைய முன்னோர் பதிவான இடங்கள் வேறு. அவற்றில் மிக விரிவானது, வேதனை தருவதும் ஆனது, கப்பல் பட்டியல். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றவர்கள் 152,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணிட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள தழும்பு வரை எழுதிவைத்தார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதப்பட்ட தழும்பு, இன்று கொள்ளுப்பேரனுக்குத் தன் முன்னோரின் உடலைப் பற்றித் தெரிந்த ஒரே செய்தியாக இருக்கிறது. அந்தப் பட்டியல்களில் தேடுபவர் எழுத்தை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முத்துசாமி என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தர்கள் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். செங்கல்பட்டு ‘சிங்கில்புட்’ ஆகியிருக்கும். மொரீஷியஸ் சென்றவர்களின் பதிவுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. அவற்றில் பலருடைய புகைப்படங்களும் உண்டு.

இலங்கையின் மலையகத் தமிழருக்குக் கொடிவழி என்பது வாழ்வுரிமையாகவே ஆக்கப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டப்படி, வம்சாவளியால் குடியுரிமை பெறத் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்து, தோட்டத்துச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் மட்டும் பெயர் ஏறியிருந்த மக்களிடம் 2ஆம் எண்ணுக்கோ, அல்லது 4ஆம் எண்ணுக்கும் 8ஆம் எண்ணுக்குமோ பிறப்புச் சான்று கேட்டது அந்தச் சட்டம். காட்ட முடியாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. கொடிவழியை ஓய்வுநேர விருப்பமாகச் செய்யும் நாம், சான்று கேட்கப்பட்ட அந்தத் தலைமுறையை ஒரு கணமேனும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

எதைச் சான்றாகக் கொள்வது

ஒரு செய்தியைச் சொன்னவர் அதை நேரில் அறிந்தவரா என்பதே முதல் கேள்வி. இறப்புச் சான்றிதழ் இறந்த நாளுக்கு நல்ல சான்று; அதிலிருக்கும் வயது, துக்கத்திலிருந்த மகன் ஊகித்துச் சொன்னது. இரண்டு செய்திகள் முரண்பட்டால் இரண்டையும் எழுதிவைத்து, எது எங்கிருந்து வந்தது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் பிறர் வரைந்துவைத்த கொடிவழிகளைத் துப்பாக மட்டும் கொள்ளலாம். ஒருவர் செய்த பிழை அங்கே பலரால் படியெடுக்கப்பட்டு, எண்ணிக்கையாலேயே உண்மைபோலத் தோன்றும்.

பிழைகளில் மிகக் கொடியது பெருமைக்காக இணைப்பது. நான்கு தலைமுறைகளைப் பத்திரத்தோடு நிறுவியவர், ஐந்தாவதில் திடீரென்று ஒரு பாளையக்காரரையோ படைத்தளபதியையோ கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார். அந்த ஒட்டினால் மறைந்துபோவது, உண்மையில் அந்த இடத்தில் வாழ்ந்து மறைந்த ஓர் உழவரோ நெசவாளரோதான். சாதிப் பெருமையைத் தேடி இந்த வேலைக்கு வருபவர்களையும் எச்சரிக்க விரும்புகிறேன். நேர்மையாகத் தேடினால் விரும்பாத செய்திகளும் கிடைக்கும்: மறைக்கப்பட்ட இரண்டாம் குடும்பம், தத்து, கலப்புத் திருமணம், ஊரைவிட்டு ஓடிவந்த காரணம். இறந்தவர்களின் உண்மையை எழுதிவைப்பது நம் கடமை என்றே கருதுகிறேன். உயிரோடிருப்பவரைப் புண்படுத்தும் செய்தியைத் தனி ஏட்டில் வைத்து, வெளியே பகிராமல் காப்பதும் அதே அளவுக்குக் கடமை. உயிரோடிருப்பவர்களின் பிறந்த நாளையும் தாயின் பெயரையும் இணையத்தில் ஏற்றவே கூடாது; வங்கிகள் அடையாளம் உறுதிசெய்யக் கேட்பவை அவை.

மரபணுச் சோதனை பற்றிப் பலர் கேட்கிறார்கள். தந்தையிடமிருந்து பாதியும் தாயிடமிருந்து பாதியும் நமக்கு வருகின்றன. பாட்டன் பாட்டி ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாகக் கால் பங்கு. தலைமுறைகள் கூடக் கூடப் பங்கு குறைந்து, பத்துத் தலைமுறைக்கு முந்தைய முன்னோர் பலரிடமிருந்து நமக்கு எதுவுமே வராமல் போயிருக்கும். உறவுக்குள்ளேயே மணந்த சமூகங்களில், தூரத்து உறவினரையும் நெருங்கிய உறவினராகச் சோதனை காட்டிவிடும். எனவே தொடங்குபவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ஆயினும் அதில் ஒரு செய்தி என் மனத்தைத் தொட்டது. உயிரணுவின் இழைமணியிலுள்ள (மைட்டோகாண்ட்ரியா) மரபணு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது. என் உடலில் அது வந்த வழி 3, 7, 15, 31. படித்துறையில் இடம் கிடைக்காத கீரனூர் ஆயாவிடமிருந்துதான் அது எனக்கு வந்திருக்கிறது.

அவருடைய பெயர் கடைசியில் பெரியம்மா மகன் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடைத்தது. மகளுக்குக் கொல்லைமனை ஒன்றை எழுதிவைத்த தான செட்டில்மெண்ட் பத்திரம், ஆண்டு 1938. ‘என் குமாரத்தி’ என்று அதில் வரும் பெயர் என் அம்மாச்சியின் பெயர். அம்மாச்சியின் கணவராக வரும் பெயர் என் தாத்தாவின் பெயர். மனையின் நான்கெல்லை, பெரியம்மா விளையாடியதாகச் சொல்லும் கொல்லையோடு பொருந்துகிறது. ஆகவே எழுதிக்கொடுத்தவர் 15ஆம் எண்தான் என்பதில் ஐயமில்லை. எழுதிக்கொடுத்தவர் பெயர் பொன்னம்மாள். அதன் அடியில் அவருடைய இடது பெருவிரல் ரேகை, மை மங்காமல் இருக்கிறது. ‘இன்னார் பாரியை’ என்று கணவர் பெயரை மட்டும் எழுதிய பத்திர எழுத்தர், அவர் யாருடைய மகள் என்று எழுதவில்லை. 30, 31 இரண்டும் காலியாக உள்ளன. கோடி போட்ட மூத்த மாமனின் பேரர்கள் கீரனூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, வரும் தை மாதம் அங்கே போகவிருக்கிறேன்.